மூடிய கதவைத் திறந்துவிட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும்

குடும்ப நீதிமன்றத்தின் கதவு மூடியிருக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்தக் கதவு இன்று அகலத் திறந்து கிடக்கிறது. காலையில் தாக்கலான மனு மாலையில் யூடியூபில் வாசிக்கப்படுகிறது. கணவன் மீது மனைவி சொன்ன குற்றச்சாட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகிறது. மனைவி மீது கணவன் வீசிய பழி ஃபேஸ்புக்கில் நானூறு பேரால் பகிரப்படுகிறது. குறுக்கு விசாரணையில் ஒருவர் உடைந்து அழுதது ரீல்ஸுக்குத் தலைப்பாகிறது. பத்து வயதுப் பிள்ளையின் முகம் ஊரெல்லாம் ஓடுகிறது.

இது தவறு. இது சட்டவிரோதம். செய்பவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். தடுக்க வேண்டியவர்கள் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார்கள்.

சட்டத்தில் தெளிவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ஆம் ஆண்டுச் சட்டம். கதவை மூடி விசாரிக்கும் அதிகாரத்தை அதன் 53-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அன்றே தந்துவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டம் 1954-இல் வந்தது. இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. இரண்டும் ஒரே கட்டளையை இடுகின்றன. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். அந்த விசாரணை தொடர்பான எதையும் எவரும் அச்சிடக் கூடாது, வெளியிடக் கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் விலக்கு. அதற்கும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984-இல் வந்தது. இரு தரப்பில் ஒருவர் கேட்டாலே கதவை மூடியாக வேண்டும் என்று அதன் 11-ஆம் பிரிவு சொல்கிறது. அதில் மத வேறுபாடு இல்லை.

'எவரும்' என்பதுதான் இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் உள்ள சொல். அந்தச் சொல்லிலிருந்து கணவனுக்கு விலக்கு இல்லை. மனைவிக்கு விலக்கு இல்லை. மாமனார் மாமியாருக்கு விலக்கு இல்லை. வக்கீலுக்கு விலக்கு இல்லை. லட்சக்கணக்கில் சப்ஸ்கிரைபர் வைத்திருக்கும் சேனல்காரருக்கும் விலக்கு இல்லை.

அதை மீறினால் என்ன தண்டனை? ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு செல்போனுக்கு மூன்று மாதத்துக்கு ரீசார்ஜ் செய்ய ஆகும் பணம் அது. ஒரு குடும்பத்தின் மானத்துக்கு நாடாளுமன்றம் வைத்திருக்கும் விலை அது. அந்த ஆயிரம் ரூபாயையும் வசூலிக்க எவரும் முன்வரவில்லை.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நீதிமன்றத்துக்கு ஒரு வேலைநாள் காலையில் போய் நின்று பாருங்கள். பத்தரை மணிக்குள் தாழ்வாரம் நிரம்பிவிடும். மடியில் கட்டுக் காகிதம், காலடியில் தண்ணீர் பாட்டில், கையில் செல்போன். வழக்கு எண் கூப்பிடும்வரை வேறு வேலை இல்லை. ஒரு பெண்ணின் அண்ணன் போனை மார்பளவுக்கு உயர்த்திப் பிடித்திருக்கிறார். படியேறி வரும் மாப்பிள்ளையின் முகத்தை அந்தப் போன் தொடர்கிறது. மாப்பிள்ளை அதைக் கவனிக்கிறார். அவரும் போனை எடுக்கிறார். இரண்டு போன்களும் ஒன்றையொன்று படம் பிடிக்கின்றன. நடுவில் பள்ளிச் சீருடையோடு ஒரு குழந்தை நிற்கிறது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று அதற்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொள்கிறது.

அந்தக் குனிந்த தலைக்கு யார் பொறுப்பு? அதைக் கேட்கத்தான் இந்தத் தலையங்கம்.

முதல் பொறுப்பு வழக்காடும் இருவருக்கும். அவர்களைப் பரிவோடு மட்டுமே அணுக வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பரிவுக்கு இடமில்லை. வலி உண்மை. கோபம் உண்மை. ஆனால் அந்தக் கோபத்தை ஆயிரம் பேர் பார்க்கத் தட்டச்சு செய்து, படம் சேர்த்து, பாட்டு சேர்த்து, பின்னணியில் சோக இசையும் வைத்துப் பதிவிடுவது நிதானமாகச் செய்யும் செயல். அதற்கு அரை மணி நேரம் ஆகிறது. அரை மணி நேரம் யோசித்துச் செய்ததற்கு ஆத்திரத்தைக் காரணம் காட்ட முடியாது.

பதிவிடுபவர் எதிராளியை அவமானப்படுத்தியதாக நினைக்கிறார். உண்மையில் எதிராளியின் வக்கீலுக்கு ஆவணம் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படித்தவர்களுக்கு இது தெரியும். தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால் எந்த அறிக்கையையும், ஆவணத்தையும், தகவலையும் சாட்சியமாக ஏற்கலாம். சாட்சியச் சட்டத்தின் வழக்கமான கெடுபிடிகள் அங்கே தளர்ந்துவிடுகின்றன. இரவு பதினொன்றரைக்குப் போட்டு, காலை ஆறு மணிக்கு அழித்த ஸ்டேட்டஸ் அந்த ஆறரை மணி நேரத்துக்குள் யாரோ ஒருவரின் போனில் ஸ்கிரீன்ஷாட்டாகிவிடுகிறது. மூன்றாவது வாய்தாவில் அது அச்செடுத்த காகிதமாக நீதிபதியின் மேசைக்கு வருகிறது.

துணை மீது பழி சுமத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் பலமுறை பேசியிருக்கிறது. 2003-இல் ஒரு வழக்கு. மனைவியின் ஒழுக்கத்தைப் பழித்து, கணவர் தன் பதில் மனுவில் எழுதினார். பின்னர் அந்த வரிகளைத் திருத்தி நீக்கினார். நீக்கியதால் நேர்ந்த காயம் இல்லை என்று ஆகிவிடாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பழியே மனக்கொடுமை என்று சொல்லி, மனைவிக்குக் கிடைத்த விவாகரத்தை உறுதி செய்தது. அது நான்கு சுவருக்குள் தாக்கலான மனு. நான்கு பேர் மட்டுமே படித்த மனு. அதற்கே அந்தத் தீர்ப்பு.

2013-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் விரிவாகச் சொன்னது. துணையைப் பற்றியோ துணையின் உறவினர்களைப் பற்றியோ ஆதாரமற்ற அவதூறுகளைக் கிளப்புவது மனக்கொடுமை. துணையின் வேலையையும் தொழிலையும் கெடுக்கும்படி செய்தி வெளியிடுவது மனக்கொடுமை. ஒரே வீட்டில் வாழாவிட்டாலும், தூரத்தில் இருந்துகொண்டே இந்தக் கொடுமையைச் செய்ய முடியும் என்றது அந்தத் தீர்ப்பு. 2021 பிப்ரவரியில் மற்றொரு தீர்ப்பு. ராணுவ அதிகாரியான கணவரின் மேலதிகாரிகளுக்கு மனைவி அடுக்கடுக்காகப் புகார் அனுப்பினார். கணவரின் பணி உயர்வும் நற்பெயரும் பாதிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் அதை மனக்கொடுமை என்றது. விவாகரத்து தந்தது. இன்று புகாரை உறையில் இட்டு அனுப்ப வேண்டியதில்லை. கணவரின் அலுவலகத்தை ஒரு பதிவில் டேக் செய்தால் போதும். மனைவி வேலை பார்க்கும் பள்ளியின் பக்கத்தில் ஒரு கமென்ட் போட்டால் போதும். வழி எளிதாகிவிட்டது. குற்றம் குறைந்துவிடவில்லை.

ஜீவனாம்ச வழக்குகளில் நடப்பது இன்னும் வெட்கக்கேடு. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறையை வகுத்தது. ஜீவனாம்சம் கேட்பவரும் கொடுக்க வேண்டியவரும் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் அது பொருந்தும். பிரமாணப் பத்திரத்தில் கணவர் வேலையில்லை என்கிறார். இன்ஸ்டாகிராமில் புது கார் முன் நிற்கிறார். பிரமாணப் பத்திரத்தில் மனைவி வருமானமே இல்லை என்கிறார். அவருடைய பக்கத்தில் பிரைடல் மேக்கப் புக்கிங்குக்குத் தொலைபேசி எண் இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய். நீதிமன்றத்தில் சொன்னது பொய்யானால் அதற்குப் பெயர் பொய்ச் சாட்சியம். பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. படத்தில் காட்டியது பொய்யானால், கடன் வாங்கிய காரின் முன் நின்று வாழ்க்கையைக் காட்டியதற்கு நீதிபதி முன் விளக்கம் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் வக்கீல் துணை வர முடியாது. கூண்டில் ஏறி நிற்பவர் கட்சிக்காரர்தான்.

இன்னொரு தவறான எண்ணம் வேகமாகப் பரவி வருகிறது. அதைக் கண்டிக்காமல் விடக் கூடாது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு. கணவன் மனைவி இடையே ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. அதற்கு முந்தைய ஆண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். மனைவியின் அழைப்பு விவரங்களை அவர் அறியாமல் எடுத்து வந்த கணவரின் ஆவணத்தை அவர் ஏற்க மறுத்தார். திருமணமான பெண்ணுக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்றார். சட்டம் படித்தவர்கள் இந்த இரண்டையும் விவாதிக்கட்டும். அது நல்ல விவாதம்.

ஆனால் தெருவில் என்ன புரிந்துகொண்டார்கள்? 'ரெக்கார்ட் பண்ணலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு' என்று புரிந்துகொண்டார்கள். ரெக்கார்ட் செய்தார்கள். செய்ததைப் பதிவேற்றினார்கள். உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தரவில்லை. நீதிபதியின் முன் வைக்கலாம் என்றது. நீதிபதியின் முன் மட்டும். மூடிய அறையில் ஒரு நீதிபதி கேட்பதற்குத் தகுதியான ஒலிப்பதிவு, ஊர் கேட்பதற்குத் தகுதியாகிவிடாது. படுக்கையறையில் நடந்த பேச்சை யூடியூபில் ஒலிபரப்ப எந்தத் தீர்ப்பும் அனுமதிக்கவில்லை. இனியும் அனுமதிக்கப் போவதில்லை.

ஆவணமாகத் தர வேண்டும் என்றால் அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. பாரதிய சாட்சிய அதினியம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் தர வேண்டும். முதல் பகுதியில் ஆவணத்தைத் தருபவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பை அதில் எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட், தேதியை மறைத்த ஸ்கிரீன்ஷாட், முன்னும் பின்னும் இருந்த செய்தியை நறுக்கிய ஸ்கிரீன்ஷாட் எதுவும் அங்கே நிற்காது. யூடியூபில் மட்டும்தான் நிற்கும்.

பாஸ்வேர்டு தெரியும் என்பதால் துணையின் கணக்கில் நுழைபவர்களும் இருக்கிறார்கள். பிரிந்து போய் எட்டு மாதம் ஆன பிறகும் பழைய லேப்டாப்பில் மனைவியின் மின்னஞ்சல் திறந்தபடி இருக்கும். அதைத் தினமும் படிக்கும் கணவர் தன்னைத் திருடன் என்று நினைப்பதில்லை. அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கோ, ஐந்து லட்சம் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். அந்தரங்கப் படத்தைப் பரப்புவது தனிக் குற்றம். தாலி கட்டிய உறவு இந்தப் பிரிவுகளுக்கு விலக்காக எழுதப்படவில்லை. விவாகரத்து வழக்குக்குப் போனவர் குற்ற வழக்கில் எதிரியாகத் திரும்பி வருகிறார்.

அடுத்த பொறுப்பு வக்கீல்களுக்கு. அவர்கள் மீதுதான் நம் கோபம் அதிகம். ஏனெனில் அவர்களுக்குச் சட்டம் தெரியும்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போது எத்தனை பேர் கட்சிக்காரரிடம் 'போனைக் கீழே வையுங்கள்' என்று சொல்கிறார்கள்? கட்டணம் பேசுகிறார்கள். வாய்தா தேதி சொல்கிறார்கள். ஆதார், திருமணப் பதிவுச் சான்று, புகைப்படம் கேட்கிறார்கள். இந்த வழக்கு முடியும்வரை எதையும் பதிவிடாதீர்கள் என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்வதில்லை. ஏற்கெனவே போட்டதை அவசரமாக அழிக்காதீர்கள், அழித்தால் மறைத்தீர்கள் என்று நீதிமன்றம் எண்ணும் என்று சொல்வதில்லை. தங்கை, தம்பி, நண்பர் மூலமும் எழுதவைக்காதீர்கள் என்று சொல்வதில்லை. பதிவு வெடித்த பிறகு 'அதை ஏன்மா போட்டீங்க' என்று கேட்கிறார்கள். கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. சொல்லாமல் விட்டவர்கள் அவர்கள்.

சொல்லாமல் விட்டதோடு நிற்காத வக்கீல்களும் இருக்கிறார்கள். கட்சிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சேனலுக்குப் பேட்டி தருகிறார்கள். மனுவைக் கேமரா முன் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளில் 36-ஆம் விதி இருக்கிறது. தாம் நடத்தும் வழக்கு தொடர்பாகச் செய்தித்தாளில் கருத்து வரவைப்பதும், படம் வரவைப்பதும் அந்த விதியின்படி தொழில் நடத்தைக்கு எதிரானது. செய்தித்தாள் காலத்தில் எழுதிய விதி அது. யூடியூப் அதன் கையிலிருந்து தப்பிவிடாது. தமிழ்நாடு வழக்கறிஞர் சங்கப் பெருமக்களுக்கு இந்த வீடியோக்கள் கண்ணில் படவில்லை என்று நம்ப முடியாது. பட்டும் நடவடிக்கை இல்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கொண்ட பார் கவுன்சில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சேனல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் செய்வது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். கலங்கிய கண்கள், சிவப்பு எழுத்து, கேள்விக்குறி மூன்று. எதிர்த் தரப்பின் பதில் இல்லை. நீதிமன்ற அனுமதி இல்லை. வெளியிடுவது குற்றம் என்ற எச்சரிக்கையும் இல்லை. இரண்டு நாள் கழித்து எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு 'உங்க பக்கத்தையும் சொல்லுங்க' என்கிறார்கள். அது நடுநிலை ஆகாது. ஒரு குற்றத்தை இரண்டாக்குவது அது.

இப்போது பிள்ளைகள்.

பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஒரே அளவுகோல்தான் உண்டு. பிள்ளையின் நலன். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் அதைச் சொல்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதையே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. விவரம் புரியும் வயதுப் பிள்ளையானால் அதன் விருப்பத்தை நீதிபதி கேட்கலாம். எப்படிக் கேட்கிறார்? தன் அறைக்குள் அழைத்துக் கேட்கிறார். அப்பாவையும் அம்மாவையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்கிறார். என்ன வகுப்பு, என்ன பிடிக்கும், யார் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு, பதிலை அந்தப் பிள்ளையே அறியாமல் எடுத்துக்கொள்கிறார். ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டிய பாரத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றக் கூடாது என்பதற்காக இத்தனை கவனம்.

அந்தக் கேள்வியை இன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு அந்நியர் கேட்கிறார். 'அப்பா வேணுமா, அம்மா வேணுமா?' பக்கத்தில் பெற்றவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறது. அந்தப் பதில் என்றைக்கும் அழியாது. அந்தப் பிள்ளைக்கு இருபது வயதாகும்போதும் இருக்கும். கல்லூரியில் பக்கத்து இருக்கைக்காரர் தேடினால் கிடைக்கும். பெண் பார்க்க வருபவர் தேடினால் கிடைக்கும்.

எந்தப் பெற்றவருக்கு இந்த அதிகாரம் இருக்கிறது? எவருக்கும் இல்லை.

ஒரு பெற்றவரை வெறுக்கும்படி பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது மனிதத் தன்மையற்ற செயல் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னது. வாயால் சொல்லிக்கொடுப்பதையே அப்படிச் சொன்னது. வீடியோவில் சொல்லிக்கொடுத்தால் அதைப் பிள்ளை திரும்பத் திரும்பப் பார்க்கிறது. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் மற்ற பெற்றோர் பார்க்கிறார்கள். இடைவேளையில் வகுப்புத் தோழர்கள் கேட்கிறார்கள். சனிக்கிழமை சந்திப்பு நேரத்தில் அப்பா சாக்லேட்டும் பென்சில் டப்பாவும் வாங்கிக்கொண்டு வருகிறார். பிள்ளை அருகில் வர மறுக்கிறது. அப்பா முந்தைய வாரம் போட்ட வீடியோவை அது பார்த்துவிட்டது. அம்மாவைப் பற்றி அப்பா சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியாது. கெட்ட சொல் என்று மட்டும் தெரியும். ஒரு மணி நேரச் சந்திப்பு முடிந்துவிடுகிறது. பென்சில் டப்பா பெஞ்சிலேயே கிடக்கிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டு சேர்ந்த வழக்குகளில், பிள்ளையை இப்படி வெளிக்காட்டுவது நேரடிக் குற்றம். குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் எதுவும் வெளியில் வரக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். குழந்தையின் பெயரைச் சொல்லாமல் தாயின் முகத்தைக் காட்டினால் தப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். தப்ப முடியாது. தாயின் முகமே குழந்தையின் அடையாளம்.

நீதிமன்றங்களும் பதில் சொல்ல வேண்டும். இதை மரியாதையோடு சொல்கிறோம். ஆனால் சொல்லாமல் விட முடியாது.

2025 மே மாதத்தில் திரைப்பட நடிகர் ஒருவரின் விவாகரத்து விவகாரம் சமூக ஊடகத்தில் அறிக்கைப் போராக மாறியது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. இரு தரப்பும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிக்கை வெளியிடக் கூடாது என்று தடை போட்டது. சரியான உத்தரவு. வரவேற்கிறோம். அந்த நடிகருக்குக் கிடைத்த பாதுகாப்பு விழுப்புரத்தில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஏன் இல்லை? திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆணுக்கு ஏன் இல்லை? உயர் நீதிமன்றத்துக்கு வக்கீல் வைத்து வர வசதி உள்ளவர்களுக்கு மட்டும் கதவு மூடப்படுமா? மற்றவர்களுக்குத் திறந்தே கிடக்குமா?

தடை உத்தரவைக் கேட்டால்தான் தருவேன் என்று குடும்ப நீதிமன்றம் உட்கார்ந்திருக்கக் கூடாது. சமரசம் செய்ய முயல்வது குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதன் மீது வைத்திருக்கும் கடமை. கணவன் மனைவியைத் தெருவில் வைத்துத் திட்டிக்கொண்டிருக்கும்போது எந்தச் சமரசமும் பிறக்காது. நாட்டிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. அந்த மையத்தில் பேசியது அந்த அறையைத் தாண்டக் கூடாது என்ற நம்பிக்கையில்தான் மக்கள் அங்கே வாய் திறக்கிறார்கள். நகை எவ்வளவு, வீட்டுக் கடன் எவ்வளவு, எந்த நிபந்தனைக்கு இறங்கி வர முடியும் என்று சொல்கிறார்கள். அதைப் பாதியில் ஒட்டுக்கேட்டு 'பத்து லட்சம் கேட்கிறாள்' என்று ஸ்டேட்டஸ் போட்டால், அடுத்த அமர்வுக்கு எந்தப் பெண் வருவார்? ஆறு மாதத்தில் பரஸ்பர சம்மதத்தோடு முடிய வேண்டிய வழக்கு ஆறு வருடம் இழுக்கிறது. அந்த ஆறு வருடத்துக்கு அந்த ஒற்றை ஸ்டேட்டஸ் காரணம்.

ஆகவே கேட்கிறோம். வழக்கு எண் விழும் முதல் நாளே இரு தரப்புக்கும் எழுத்தில் உத்தரவு போக வேண்டும். வழக்கைப் பற்றியும், எதிர்த் தரப்பைப் பற்றியும், பிள்ளைகளைப் பற்றியும் எதையும் வெளியிடக் கூடாது. உறவினர் மூலமும் வெளியிடக் கூடாது. தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் அது இருக்க வேண்டும். நோட்டீஸோடு இணைத்து அனுப்ப ஒரு காகிதம் அதிகம், அவ்வளவுதான் செலவு. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்று அதே காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும். மீறியவர் மீது ஒரு முறையாவது நடவடிக்கை எடுத்துக் காட்ட வேண்டும். உயர் நீதிமன்றம் நினைத்தால் சுற்றறிக்கை ஒன்றில் இதை மாநிலம் முழுவதற்கும் செய்துவிடலாம். ஏற்கெனவே வெளியான வீடியோக்களை எந்தத் தேதிக்குள் நீக்க வேண்டும், நீக்கும் முன் பிரதியை யார் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அந்த உத்தரவே சொல்ல வேண்டும். பிள்ளையின் முகம் தெரியும் பதிவுக்கு அவகாசமே கூடாது.

தாழ்வாரத்தில் படம் பிடிப்பதை நிறுத்த வேண்டும். நீதிமன்றக் கூடத்துக்குள் போனை அணைத்து வைக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகை, கூடத்துக்கு வெளியே பத்தடி தூரத்தில் செல்லாமல் போகிறது. பிள்ளைகளைச் சந்திக்கும் இடத்தில் பெற்றவர் கையில் கேமரா இருக்கக் கூடாது. அந்த இடத்துக்கு ஒரு ஊழியரை நியமிக்க அரசிடம் பணம் இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது.

நாடாளுமன்றத்துக்கும் ஒரு கேள்வி. குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் புதிதாக எழுதினீர்கள். ஹாஷ் மதிப்பு வரை யோசித்து எழுதினீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவையும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 33-ஆம் பிரிவையும் ஏன் திறந்து பார்க்கவில்லை? 'அச்சிடுதல், வெளியிடுதல்' என்ற சொற்களோடு பதிவேற்றுதல், பகிர்தல், ஒலிபரப்புதல் என்பவற்றைச் சேர்க்க எத்தனை வரி வேண்டும்? ஆயிரத்தை உயர்த்த எத்தனை நாள் வேண்டும்? பணம் சம்பாதிக்கும் சேனலுக்கு ஒரு தொகையும், வழியில்லாத கட்சிக்காரருக்கு ஒரு தொகையும் வைக்கலாம். பிள்ளையின் முகத்தைக் காட்டினால் அபராதம் போதாது.

வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொல்ல வேண்டியதைக் கேட்க ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள். நானூறு பேரிடம் சொல்லாதீர்கள். அந்த நானூறு பேரில் ஒருவர்கூட உங்களுக்கு ஜீவனாம்சம் தரப் போவதில்லை. ஒருவர்கூடப் பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்க உத்தரவு போட முடியாது. உங்கள் பிள்ளையின் படம் எந்தப் பதிவில் இருந்தாலும், நாளை காலை வக்கீலிடம் அதைக் காட்டுங்கள். பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு, அன்றே அதை இறக்குங்கள். அடுத்த சனிக்கிழமை சந்திப்புக்கு முன்னால் இறக்குங்கள்.